படித்தால் மனசிலாகுது, கேட்டால் இல்லை: ஒரு செவிலியரின் ஜெர்மன் கேட்டல் தேர்வு

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஜெர்மன் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நர்சிங் முடித்த பெண்கள். அவர்களில் ஒருவர், ஜெர்மன் மொழியின் இடைநிலைத் தேர்வான பி1-இன் கேட்டல் பகுதியை மட்டும் தாண்ட முடியாமல் ஏழு மாதம் நின்றதைப் பற்றிய பதிவு இது. அந்த ஏழு மாதத்தில் பாதி என்னால் வீணானது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். ஆளை அடையாளம் காட்டும் ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 26 வயது. வீடு விளவங்கோடு வட்டத்தில், களியக்காவிளைக்குச் சற்று இப்பால். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடம் வேலை பார்த்திருந்தார். தினமும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் பேருந்தில் போய்வருவார்.

எங்கள் பக்கத்து மொழிநிலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இந்தப் பகுதி 1956 அக்டோபர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்த வருடம் நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவருடைய பாட்டி பள்ளியில் எழுதப் படித்தது மலையாளம். இவரோ மலையாளத்தில் பேருந்துப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் வார்டில் நோயாளிகளோடும் டாக்டர்களோடும் தடங்கல் இல்லாமல் மலையாளம் பேசுவார். யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் காதால் வந்ததுதான். வீட்டில் பேசும் தமிழிலேயே ‘புரியுது’ என்று சொல்ல மாட்டார், ‘மனசிலாகுது’ என்பார். இந்த ஊரில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான்.

ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெற, பெரும்பாலான மாநிலங்களில் பி2 அளவு மொழித்தகுதி கேட்கிறார்கள். அதற்கு முந்தின படி பி1. ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 60 வாங்க வேண்டும். ஒரு பகுதி போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். கேட்டல் சுமார் 40 நிமிடம், 30 கேள்விகள். நான்கு கூறுகளில் முதலாவதையும் நான்காவதையும் இரண்டு முறை ஒலிக்கவிடுவார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே முறைதான்.

வகுப்பில் அவர்தான் முதல். இலக்கணப் பயிற்சியில் அவர் விடைத்தாளை வைத்து மற்றவர்கள் திருத்திக்கொள்வார்கள். ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால் உண்டு. அதன்படி சொற்களை நோட்டில் மூன்று வண்ண மையில் எழுதி வைத்திருப்பார்: ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்கு சிவப்பு, இரண்டும் அல்லாத பாலுக்குப் பச்சை.

முதல் தேர்வு

ஜனவரியில் எழுதினார். வாசித்தல் 87, எழுதுதல் 79, பேசுதல் 76, கேட்டல் 43. முப்பதில் பதின்மூன்று சரி. சரியா தப்பா என்று கேட்கும் கேள்விகளும் அதில் உண்டு என்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சில தேறியிருக்கும். உண்மையான நிலை 43-ஐவிடவும் கீழே என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் வந்து உட்கார்ந்தவர் சொன்னது: “படிச்சா எல்லாம் மனசிலாகுது டீச்சர். கேட்டா ஒரே இரைச்சலா இருக்கு. எங்க ஒரு வார்த்தை முடியுது, எங்க அடுத்தது தொடங்குதுன்னே தெரியல்ல.”

இந்த வாக்கியத்தை நான் அன்று சரியாகக் கேட்கவில்லை. நோயை அவரே சொல்லிவிட்டார். எனக்கு அது புலம்பலாகத்தான் பட்டது.

என் முதல் முடிவு: மலையாளம் போலக் கேள்

நான் போட்ட கணக்கு இது. இவர் ஒரு மொழியை ஏற்கெனவே காதால் மட்டும் கற்றிருக்கிறார், காதில் குறையில்லை, போதாதது பழக்கம்தான், ஆகவே அதிகம் கேட்க வேண்டும். “புத்தகத்தை மூடி வை. மலையாளம் எப்படி வந்துச்சோ அப்படி ஜெர்மனும் வரட்டும். பஸ்ல, அடுக்களையில, எப்பவும் காதுல ஓடிட்டே இருக்கட்டும்” என்றேன்.

சொன்னபடி செய்தார். ஆறு வாரம், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பில் கற்பவர்களுக்காகவே மெதுவாக வாசிக்கும் செய்திகள் உண்டு. காலையில் அது, மாலையில் நேர்காணல்கள், ராத்திரி தொடர்கள், கீழே எழுத்து ஓட.

இப்போது திரும்பிப் பார்த்தால் இந்த முடிவில் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன. பெரியது, மலையாளத்தையும் ஜெர்மனையும் ஒரே தட்டில் வைத்தது. தமிழ்க் காதுக்கு மலையாளத்தில் பாதிச் சொல் முன்பே பழக்கம். வாக்கிய அமைப்பும் ஒன்றுதான். தெரியாத பாதியைத் தெரிந்த பாதி தாங்கிப் பிடிக்கும். ஜெர்மனில் அப்படித் தாங்க எதுவும் இல்லை. மொழி தெரியாத வானொலியைப் பத்து வருடம் ஓடவிட்டாலும் அது மழைச் சத்தம் மாதிரிதான் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, கீழே எழுத்து ஓடும்போது அவர் கேட்கவே இல்லை, வாசித்துக்கொண்டிருந்தார். அதில் அவர் கெட்டிக்காரர் என்பது தெரிந்ததுதானே. மூன்றாவது, மெதுவான செய்தி. அது தொடக்கத்துக்கு நல்லது, அதன்மேல் குற்றமில்லை. நாங்கள் அதிலேயே தங்கிவிட்டோம்.

இரண்டாம் தேர்வு

மார்ச் கடைசியில். கேட்டல் 50. பதினைந்து சரி.

விடுப்பு, கட்டணம், போக்குவரத்து எல்லாம் மறுபடியும் ஆனது. வீட்டிலும் பேச்சு தொடங்கிவிட்டது. “கல்ஃபுக்குப் போனா பாஷைப் பரீட்சை இல்லையே மக்களே” என்று அம்மா சொன்னாராம். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் தெருவிலிருந்து அப்படிப் போன மூன்று பேர் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

காதிலேயே ஏதாவது கோளாறு இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். வேலை பார்க்கும் இடத்திலேயே செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டார். குறை ஒன்றும் இல்லை.

ஒரு நோட்டும் நாற்பது விநாடியும்

அதன் பிறகுதான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பி1 அல்ல, அதற்கு முந்தின படியான, ஒரு வருடத்துக்கு முன் அவர் முடித்துவிட்ட ஏ2 புத்தகத்தின் ஒலிப்பதிவிலிருந்து நாற்பது விநாடியை எடுத்தேன். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும். நாம் பள்ளியில் எழுதிய ‘சொல்வதை எழுதுதல்’தான்.

ஒரு பல் மருத்துவமனை வரவேற்பாளர் நோயாளிக்குத் தொலைபேசியில் விட்டுவைத்த தகவல் அது. மொத்தம் 62 சொற்கள். ஒன்பது முறை கேட்டு 37 சொற்கள் எழுதினார். அச்சிட்ட உரையைக் கையில் கொடுத்ததும் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிவிட்டு, “இதுல ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாதது இல்லையே டீச்சர்” என்றார். முகத்தில் கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாத ஒன்று.

அங்கேதான் பிடி கிடைத்தது. தெரியாத சொல்லால் அவர் தோற்கவில்லை. தெரிந்த சொற்களையே காது அடையாளம் காணவில்லை. அடுத்த இரண்டு வாரம் இதே மாதிரி துண்டுகளை எழுதவைத்து, ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் குறித்தோம். விட்டுப்போனவற்றில் நான்கில் மூன்று பங்கு அவர் நோட்டில் வண்ண மையில் இருந்த சொற்கள்.

முதலில் பட்டது, விழுங்கப்படும் ஒலிகள். ‘இருக்கிறதா நம்மிடம்’ என்ற பொருளில் வரும் ‘ஹாபன் வியா’, பேச்சில் ‘ஹம்வா’ ஆகிவிடுகிறது. ‘ஐனன்’ என்பது வெறும் ‘னன்’. நாம் மட்டும் என்ன, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்டுருக்கேன்’ என்றுதானே பேசுகிறோம். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு வடசேரி சந்தைக்குள் நுழைகிற வெளிநாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள் என்றேன். சிரித்தார். அன்றைக்கு அது ஒன்றுதான் நல்லது நடந்தது.

அடுத்தது வாலில் வரும் சொல். ஜெர்மன் வினைச்சொற்கள் சிலவற்றின் முன்னொட்டு கழன்று வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ‘ஸாகன்’ என்றால் சொல்வது. ‘ட்ஸூஸாகன்’ என்றால் ஒப்புக்கொள்வது, ‘ஆப்ஸாகன்’ என்றால் ரத்து செய்வது. வரவேற்பாளர், ‘இஷ் ஸாக டென் டெர்மீன் ஆப்’ என்கிறார். அந்தக் கடைசி ‘ஆப்’ தான் முழுச் சேதி: உங்கள் நேரத்தை ரத்து செய்கிறேன். இவர் ‘ஸாக’ வந்ததுமே ‘சொல்கிறேன்’ என்று முடித்துக்கொண்டு, சந்திப்பு நேரத்தைச் சொல்லப்போகிறார் என்று அடுத்ததற்குக் காத்திருந்தார். ‘ஆப்’ காதில் விழுந்ததா என்று கேட்டேன். “விழுந்துச்சு. ஏதோ சும்மா சத்தம்னு விட்டுட்டேன்.”

எண்கள் இதைவிட மோசம். 54 என்பதை ஜெர்மனில் ‘நாலும் ஐம்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள், ஃபியருன்ட்ஃப்யுன்ஃப்ட்ஸிஷ். இவர் 45 என்று எழுதியிருந்தார். இலக்கணமாகக் கேட்டால் விதியைச் சரியாகச் சொல்வார். கேட்கும்போது விதியை எடுத்துப் பார்க்க நேரம் இல்லை. ‘ஹால்ப் நொய்ன்’ இன்னொரு குழி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பாதி ஒன்பது’, பொருள் எட்டரை. ஒன்பதை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற கணக்கு. இவர் ஒவ்வொரு முறையும் ஒன்பதரை என்றே எழுதினார். தேர்வில் ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். வார்டில் மருந்து அளவிலும் நேரத்திலும் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவிலியர் அவர், முகம் மாறிவிட்டது.

உயிரொலிகளில் பாதி எங்களுக்குச் சாதகம். ஜெர்மனில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும்: ‘ஷ்டட்’ நகரம், ‘ஷ்டாட்’ அரசு, ‘பிட்ட’ தயவுசெய்து, ‘பீட்ட’ தர முன்வருகிறேன். தமிழ்க் காதுக்கு இதில் சிரமமே இல்லை. ஆனால் உதட்டைக் குவித்துச் சொல்லும் இரண்டு உயிர்கள் நம்மிடம் இல்லை. ‘வுர்ட’ நடந்து முடிந்தது, ‘வ்யுர்ட’ நடந்தால் என்ற நினைப்பு. இரண்டும் அவருக்கு ஒன்றாகவே கேட்டன.

கடைசியாகக் கண்டதுதான் எனக்குப் புதிது. எழுதும்போது சத்தமாக யோசிக்கச் சொன்னேன். ஜெர்மன் வாக்கியம் ஓடுகிறது, இவர் வாய் ஆங்கிலத்தில் முணுமுணுக்கிறது. எங்கள் புத்தகங்களில் விளக்கம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஜெர்மனை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் புரிந்துகொண்டிருந்தார். அந்தச் சுற்று முடிவதற்குள் அடுத்த இரண்டு வாக்கியங்கள் போய்விடும். இதில் பரிதாபம் என்னவென்றால், ஜெர்மன் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், தமிழ் மாதிரியே. ‘டெயர் பாட்ஸியென்ட் ஹொய்ட நிஷ்ட் ககெஸன் ஹாட்’ என்பதைக் கேட்ட வரிசையிலேயே தமிழில் வைத்தால் ‘நோயாளி இன்றைக்குச் சாப்பிடவில்லை’ என்று வந்துவிடுகிறது. வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். ஆங்கில வரிசைக்கு மாற்றப் போனால்தான் ‘சாப்பிட்டாரா, யார், என்ன ஆயிற்று’ என்று தடுமாற்றம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் ஜெர்மன் அவருக்கு எப்போதும் புரிந்தது. வகுப்பில் நான் எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்வார். அதனால்தான் அவருக்குக் கேட்டலில் சிக்கல் இருப்பது ஒரு வருடம் என் கண்ணில் படவில்லை. நான் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து, நம் ஊர் ராகத்தில் ஜெர்மன் பேசுகிறேன். அவர் பழகியது என் ஜெர்மனை.

மாற்றியவை

கேட்கும் நேரத்தை இரண்டு மணியிலிருந்து ஐம்பது நிமிடமாகக் குறைத்தோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நாற்பது விநாடித் துண்டு. உரையைப் பார்க்காமல் மூன்று முறை கேட்பது, எழுதுவது, உரையோடு ஒப்பிடுவது, விட்டுப்போன இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது. அப்புறம் பேசுகிறவரின் கூடவே, அதே வேகத்தில், அதே விழுங்கலோடு வாய்விட்டுச் சொல்வது. வாயில் வராத ஒலி காதிலும் பிடிபடாது என்பதை இந்தக் கடைசிப் படியில்தான் பார்த்தேன். உதட்டை ‘ஊ’ சொல்வதுபோல் குவித்து வைத்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ சொல்லச் சொன்னேன். நான்கைந்து நாள் கண்ணாடி முன் பாடு. அதற்குப் பிறகு ‘வுர்ட’வும் ‘வ்யுர்ட’வும் எழுதுவதில் குழம்பியது குறைவு.

எண்களுக்குத் தனியாக ஒரு வேலை. நான் தொலைபேசியில் ஜெர்மன் எண்களாக வாசிப்பேன், இவர் எழுதித் திருப்பிச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், வெப்பநிலை, மாத்திரை அளவு, பேருந்து நேரம் எல்லாம் கலந்து. ஒற்றை இலக்கத்தை முதலில் எழுதி, இடதுபக்கம் இடம்விட்டுப் பத்தின் இலக்கத்தை நிரப்பும் தந்திரத்தை அவராகவே கண்டுபிடித்தார்.

ஆங்கிலத்துக்குத் தடை போட்டோம். பொருள் வேண்டுமானால் தமிழில், அதுவும் கேட்ட வரிசையிலேயே.

மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவதாகச் சொன்னார். இரவுப் பணி முடித்து வந்து நாற்பது விநாடியோடு ஒரு மணி நேரம் மல்லாடுவது அவமானமாக இருக்கிறது என்றார். முன்பு இரண்டு மணி நேரம் கேட்டபோது படித்த திருப்தியாவது இருந்ததாம். நான் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் எழுதிய பல் மருத்துவமனைத் தகவலை மறுபடி ஓடவிட்டேன். 62-இல் 58 எழுதினார். அதே உரைதானே, மனப்பாடமாக இருக்கும் என்றார். சரி என்று, கேட்டே இராத வேறொன்றைப் போட்டேன். 70 சொல்லில் 55. பையை எடுத்துக்கொண்டு போனவர் மறுநாள் வந்தார்.

மழையும் ஒருமுறை ஒலிக்கும் பகுதிகளும்

ஜூனில் பருவமழை தொடங்கியது. எங்கள் மாடிக்குத் தகரக் கூரை. மழை அடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதுவரை எல்லாரும் காதுக்குள் செருகும் இயர்போனில் கேட்டுப் பழகியிருந்தார்கள். அன்றைக்கு மின்சாரமும் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பாதி வகுப்பு தடுமாறியது. தேர்வறையிலும் ஸ்பீக்கர்தான், மின்விசிறி, இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் இருக்கும். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் இயர்போன் கிடையாது. விசிறி முழு வேகத்தில், ஸ்பீக்கர் அறையின் மறுகோடியில்.

முதல், நான்காம் கூறுகள் தேறிவிட்டன. ஒரே முறை ஒலிக்கும் இரண்டும் மூன்றும்தான் பாக்கி. கவனித்தபோது காரணம் வேறாக இருந்தது. ஒரு சொல் விட்டுப்போனால் அவர் அதிலேயே நின்றுவிடுகிறார். பென்சில் காகிதத்தில் ஊன்றியிருக்கும், கண் மேலே. அதற்குள் மூன்று கேள்விகள் கடந்துவிடும்.

“மலையாளத்துல டாக்டர் பேசிட்டே போறார், ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. என்ன செய்வே?” என்று கேட்டேன்.

“விட்டுட்டு அடுத்ததைக் கேப்பேன். பின்னால அவரே சொல்லிருவாரு, இல்லைன்னா முகத்தைப் பார்த்தா தெரியும்.”

“இங்கயும் அதேதான்.”

முதல் தடவை மலையாளத்தை நான் தப்பான இடத்தில் கொண்டுவந்தேன். அவருடைய மலையாளக் காதை ஜெர்மனுக்கு மாற்ற முடியாது. அந்தப் பதற்றமில்லாத தன்மையை மாற்ற முடிந்தது, அதுவும் அடிப்படை ஒலிகள் பிடிபட்ட பிறகு. அதற்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் விடுவதற்குத்தான் நிறைய இருந்திருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. கடைசி மூன்று வாரம் இடையில் நிறுத்தாமல் முழு மாதிரித் தேர்வுகள். ஒன்று போனால் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது மட்டுமே பயிற்சி.

மூன்றாம் தேர்வு

ஜூலைக் கடைசி. கேட்டல் 67. முப்பதில் இருபது.

பெரிய மதிப்பெண் இல்லை. அவர் 80 எதிர்பார்த்தார், நான் 60-ஐத் தாண்டினால் போதும் என்று இருந்தேன். இந்த மதிப்பெண்ணுக்கு என் முறைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். மூன்றாவது முறை என்பதால் தேர்வறைப் பயம் குறைந்திருக்கும், கேள்விகளின் போக்கும் பழகியிருக்கும். ஆறு வாரம் காதில் ஓடவிட்டதுகூட முழுக்க வீண் போயிருக்காது, ஜெர்மனின் ஏற்ற இறக்கமாவது உள்ளே போயிருக்கும். ஆனால் சொல்வதை எழுதும் நோட்டில் மே மாதப் பக்கத்தையும் ஜூலைப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. தவறுகளைத் திருத்திய சிவப்பு மை குறைந்துகொண்டே வருகிறது.

பி2-வை அதன் பிறகு ஒரே முறையில் முடித்தார். அதில் கேட்டலின் முதல் கூறே ஒரு தடவைதான் ஒலிக்கும்.

அங்கே போனபின்

இப்போது தெற்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். முதல் மாதம் அனுப்பிய குரல்பதிவுகளில் பாதி புகார். பணி மாற்றும்போது சக செவிலியர்கள் வட்டார வழக்கில் பேசுவது ஒன்றும் மனசிலாகவில்லை என்றார். நாகர்கோவில்காரரும் மதுரைக்காரரும் பேசுவது ஒன்றாகவா இருக்கிறது என்று பதில் போட்டேன். நேரில் பேசினால் சமாளித்துவிடுகிறார். கையைப் பார்க்கலாம், முகத்தைப் பார்க்கலாம், திருப்பிக் கேட்கலாம். தொலைபேசிதான் இன்னும் நடுக்கம். ஆய்வகத்திலிருந்து முடிவு சொல்லக் கூப்பிட்டால், கேட்ட எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிறார். அது மருத்துவமனையில் எப்படியும் செய்ய வேண்டியதுதான் என்று அங்கே பாராட்டினார்களாம்.

வகுப்பில் இப்போது

சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே எல்லாருக்கும் நாற்பது விநாடிப் பரிசோதனை வைக்கிறேன். யாருடைய காதும் கண்ணும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. புதிய சொல் எதுவானாலும் முதலில் ஒலி, அதன் பிறகுதான் கரும்பலகை. அந்த ஒலியும் என் குரலாக இருக்காது. பல ஊர்க்காரர்களின் பதிவுகள் வைத்திருக்கிறேன். விளக்கத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன். இரண்டு பேருக்கு இந்த நாற்பது விநாடிப் பயிற்சி பிடிக்கவில்லை, வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் அங்கே நன்றாகவே தேறினார்.

போன மாதம் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் தள்ளுவண்டிச் சத்தம், இவர் குரல் அவசரமாக: “டீச்சர், ஃபோன்ல ‘ட்ஸ்வோ’ ‘ட்ஸ்வோ’ங்கிறாங்க. அப்படி ஒரு நம்பரே நீங்க சொல்லித்தரல்லயே?”

இரண்டு என்பதற்கு ‘ட்ஸ்வை’, மூன்றுக்கு ‘டிரை’. தொலைபேசியில் இரண்டும் ஒன்றுபோல் கேட்டுவிடும் என்று ஜெர்மன்காரர்களே இரண்டை ‘ட்ஸ்வோ’ என்று மாற்றிச் சொல்வார்கள். புத்தகத்தில் ஒரு மூலையில் நான் படித்ததுதான், வகுப்பில் சொன்னதில்லை. எண்கள் பாடத்தின் முதல் பக்கத்தில் இப்போது அதைச் சேர்த்திருக்கிறேன்.